மூலையில் குவிந்த கோழிகள்

குமாரிக்குக் கோழி என்றால் பயம். பாறசாலைக்குக் கிழக்கே யோசுவாவின் முட்டைக்கோழிப் பண்ணையில் பதினொரு வருடமாக வேலை பார்ப்பவள் இப்படிச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஆனால் அங்கே கோழிகள் கம்பிக்கூண்டுக்குள் இருந்தன. அவள் நடுவழியில் நடந்து தீவனம் கொட்டுவாள், உருண்டு வந்து வெளியே நிற்கும் முட்டைகளைப் பொறுக்குவாள். அவளுக்கும் கோழிக்கும் நடுவில் எப்போதும் கம்பி இருந்தது. ஆறு வயதில் ஒரு சேவல் முகத்தில் பாய்ந்து புருவத்தைக் கிழித்திருந்தது. அன்றிலிருந்து பக்கத்தில் எது சிறகடித்தாலும் அவளுக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

போன வருடம் யோசுவா கூண்டுகளைக் கழற்றினார். கூண்டில் அடைக்காத கோழியின் முட்டைதான் வேண்டும் என்று கடற்கரை விடுதி ஒன்று கேட்டிருந்தது. கொட்டகைத் தரையில் மரத்தூள் பரப்பி, ஏறி உட்காரக் கழிகள் கட்டி, சுவரோரம் முட்டையிடப் பெட்டிகள் வைத்தார். ஆயிரத்து இருநூறு கோழிகள் தரையில் திரிந்தன.

"அண்ணே, அதுக்க எடையில நான் போவ மாட்டேன். எனக்கு பேடியாக்கும்."

யோசுவா சிரித்துவிட்டார். "பதினோரு வருசம் கோழிக்க கூட நின்ன நீயா பேடிக்குத? முட்ட போடுத கோழி, குமாரி. புலி ஒண்ணும் இல்ல."

முதல் நாள் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டு, முகத்தைத் துண்டால் சுற்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். தீவனம் வருகிறது என்று கோழிகள் மொத்தமாக அவள் காலை நோக்கி ஓடிவந்தன. பூட்ஸைக் கொத்தின. ஒன்று பறந்து தோளில் ஏறியது. குமாரி வாளியைப் போட்டுவிட்டு வெளியே ஓடி, ரப்பர் மரத்தடியில் வாந்தி எடுத்தாள். ஆனாலும் மறுநாள் வந்தாள். நடந்து போகிற தூரத்தில் வேறு வேலை இல்லை. காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து, சுவரை ஒட்டியே நடக்கப் பழகினாள்.

யோசுவா அவளிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். "ஒண்ணு வெரண்டா எல்லாம் ஒரே மூலைக்கு ஓடும். ஒண்ணுக்க மேல ஒண்ணு ஏறும். அடியில கெடக்கது மூச்சு முட்டிச் சாவும். பாத்துக்க."

ஐப்பசி மாதம், மதியம் மூன்று மணி. யோசுவா முட்டை கொடுக்க அமரவிளைக்குப் போயிருந்தார். வானம் கறுத்து இடி இறங்கியது. அடுத்த நொடி தென்னை மட்டை ஒன்று தகரக் கூரைமேல் விழுந்தது. உள்ளே எழுந்த கூச்சல் கேட்டு முட்டை அறையிலிருந்து ஓடிவந்த குமாரி, கம்பிவலை வழியே பார்த்தாள். கிழக்கு மூலையில் அவள் இடுப்பு உயரத்துக்குக் கோழிகள் குவிந்திருந்தன. இன்னும் ஏறிக்கொண்டிருந்தன. மேலே கிடந்தவை கத்தின. அடியிலிருந்து சத்தமே வரவில்லை.

போனை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்திவிட்டு, ஒருவழியாக யோசுவாவைப் பிடித்தாள்.

"அண்ணே, குவிஞ்சு கெடக்கு! ஓடி வாருங்க!"

"நான் வரதுக்கு அர மணிக்கூறு ஆவும் குமாரி. எடுத்து எறி. கையால எடுத்து எறி!"

கதவின் கொண்டியில் கை வைத்தபடி நின்றாள். எவ்வளவு நேரம் நின்றாள் என்பது அவளுக்கே தெரியாது. அந்த நேரத்தைத்தான் இன்றுவரை அவளால் மன்னிக்க முடியவில்லை. பிறகு கதவைத் திறந்தாள். துண்டும் இல்லை, பூட்ஸும் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு குவியலுக்குள் கையை விட்டாள். சூடும் நடுக்கமும் கையில் பட்டன. கிடைத்ததைப் பிடித்துப் பின்னால் வீசினாள். சிறகு முகத்தில் அறைந்தது, நகம் முழங்கையைக் கீறியது. அவள் அலறிக்கொண்டே எடுத்தாள். கோழிகளைவிட அவள்தான் அதிகம் கத்தியிருப்பாள். கடைசியில் கைக்குச் சிக்கியவை கத்தவில்லை, துடிக்கவில்லை. அப்போதுதான் கண்ணைத் திறந்தாள்.

யோசுவா வந்தபோது மரத்தூளில் உட்கார்ந்திருந்தாள். செத்தவை நாற்பத்து மூன்று. அவள் அவற்றை ஒரு ஓரமாக வரிசையாகக் கிடத்தியிருந்தாள்.

"நீ உள்ள கேறலைன்னா பாதி போயிருக்கும்," என்றார் அவர். "நாளையிலேருந்து நீ முட்ட மட்டும் அடுக்கினா மதி. உள்ள வேற ஆளு நிக்கட்டு."

"வேற ஆளு வேண்டாம். மொதல்ல நாலு மூலையையும் பலக வச்சு அடைங்க. மூல இருந்தாத்தானே குவியும்?"

அந்த வாரமே மூலைகள் வளைந்த பலகைகளால் மறைந்தன.

பயம் போய்விட்டதா என்று கேட்டால் குமாரி இல்லை என்று தலையாட்டுகிறாள். "எங்க போவ? இப்பமும் உண்டு. தோள்ல ஏறினா உசுரு போவும்."

ஆனாலும் மதியம் மேகம் திரண்டால் மழைக்கு முன்பே கொட்டகைக்குள் போய்விடுகிறாள். வாளியைக் கவிழ்த்து நடுவில் உட்கார்ந்து, கோழிகளுக்குக் குரல் கேட்கட்டும் என்று ஏதாவது பேசிக்கொண்டே இருக்கிறாள். இடி விழும்போது அவள் குரலும் நடுங்கத்தான் செய்கிறது. பேச்சை மட்டும் நிறுத்துவதில்லை.