சந்தனம் பூசிய ராக்கெட்

மேய்ஸ் ஹில் கோயிலில் பேத்தியின் புது டென்னிஸ் ராக்கெட்டில் ஐயர் சந்தனம் பூசினார். "இனி இவள் வெல்லுவாள்," என்றாள் மகள். அந்த வாசம் என்னைச் சிறுவயதுக்கு இழுத்துச் சென்றது.

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்னில் இருந்தோம். போட்டிக்கு வரும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களை வீடுகளில் தங்கவைப்பார்கள். எங்களிடம் வந்தவர் ஒரு யப்பானிய அக்கா. இந்த முறையும் தோற்றால் ஆட்டத்தையே விட்டுவிட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தார். ஒரு ராக்கெட் உடைந்து, மிஞ்சியது ஒன்றுதான்.

தைப்பொங்கலன்று விடிய, அம்மா அதைச் சாமிப்படத்தின் முன் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, நரம்பெல்லாம் சந்தனம் அப்பியிருந்தார். அந்தக் காலத்து நரம்பு ஆட்டுக்குடல், நனைந்தால் இற்றுப்போகும். அக்காவின் முகம் வெளிறியது. ஆனாலும் இரு கைகளாலும் வாங்கிக்கொண்டு அம்மாவைக் குனிந்து வணங்கினார்.

அன்றைய ஆட்டத்தின் இரண்டாவது செட்டில் நரம்பு படீரென அறுந்தது. இரவல் ராக்கெட்டோடு அவர் ஓடி ஓடித் தோற்றதை அப்பாவும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

வெற்றிச் செய்திக்காக வாசலில் அம்மா பொங்கலோடு நின்றார்.

"வெண்டனியோ பிள்ளை?"

அப்பா நிலத்தைப் பார்த்தார். அக்கா எங்கள் வீட்டில் பழகிய தமிழ்ச்சொல் ஒன்றே ஒன்றுதான், ஆமென்பதற்கு நாங்கள் சொல்வது. வீங்கிய கண்களோடு அதைச் சொன்னார்.

"ஓம்."