படகுக்குப் பெரிய பாய்

எண்பதுகளில் ஒரு நல்ல மழைக்காலம். சங்கரன்கோவில் வீட்டில் உட்கார்ந்து, என் கணவரின் படகுக்குப் பழையதைவிடப் பெரிய பாய் ஒன்று தைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு ஒடுக்கமான ஓடங்களைப் பலகையால் இணைத்த விளையாட்டுப் படகு அது. கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் குளம் நிறைந்துவிட்டால் ஞாயிறுதோறும் தனியாகப் போய் ஓட்டுவார். என்னையும் கூட்டிப்போகச் சொன்னால், "ஒனக்கு நீச்சல் தெரியாது" என்று வாயை அடைத்துவிடுவார்.

கடைசித் தையல் முடிந்ததும் அவரே கூப்பிட்டார். "நாளைக்கு நீயும் வாட்டி."

நீச்சல் இன்னும் தெரியாதே என்றேன்.

"பாய் பெருசுல்லா. காத்து ஒரு பக்கமாத் தூக்கிரும். எதிர்ப்பக்கம் கனத்துக்கு ஆள் வேணும்."

எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "மணல் மூட்டையக் கட்டிக்கிடுங்க."

அவர் கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"மூட்டை சொன்னா நகந்து உக்காருமாட்டி?"