எட்டுக் கதவுகளும் ஒரு பூட்டும்

எட்டுக் கதவுகளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பேர். காலை ஐந்தரை முதல் எட்டு வரை இந்தக் கணக்கு என்ன பாடு படுத்தும் என்பது அந்த வரிசையில் நின்றவர்களுக்குத்தான் தெரியும். நிற்கும்போது அதை விளக்கும் நிலையில் அவர்கள் இருக்க மாட்டார்கள்.

இத்தனை பேருக்கும் பொறுப்பு டிக்கெட் அக்கா. வயது நாற்பத்தேழு. பதினெட்டு வருஷம் சினிமா தியேட்டரில் டிக்கெட் கிழித்தவர். தியேட்டரை இடித்தபோது வேலை போனது. கூட்டத்தை அதட்டும் குரல் மட்டும் மிஞ்சியது. ஒரு மழைக்காலத்தில் அவர் மகள் உட்பட சந்துப் பிள்ளைகள் ஒன்பது பேர் வயிற்றுப்போக்கோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். அதன் பிறகு சந்துக்காரர்கள் திரண்டு போய், நகராட்சி பூட்டிப் போட்டிருந்த கழிப்பறையை நாங்களே நடத்துகிறோம் என்று ஒரு வருஷத்துக்குக் கேட்டு வாங்கினார்கள். அந்தக் குரலுக்கு மறுபடி வேலை வந்தது.

சோப்புக்கட்டி வைத்தால் அதற்குக் கால் முளைத்துவிடுகிறது. எனவே அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியில் ஓட்டை போட்டு, சோப்புக் கரைசலை நிரப்பி, குழாயோடு கம்பியால் கட்டினார். அடுத்து, ‘அவசரம்’ என்று தனி வரிசை. யாரும் நிற்கலாம், கேள்வி கிடையாது. ஆனால் உள்ளே நாலு நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரம் இல்லை, சொகுசு. வெளியே வந்ததும் பிரஷ் எடுத்து அந்த அறையைத் தேய்க்க வேண்டும்.

அதிகம் தேய்த்தவர் அக்காவின் கொழுந்தன், பஞ்சர் ஒட்டுபவர்.

“போன்ல ஒரு வீடியோ ஓடிட்டிருந்துச்சு அண்ணி, அதான்...”

“படம் முடிஞ்சிருச்சு தம்பி. இந்தா பிரஷ்.”

அடுத்த மழையில் ஆஸ்பத்திரிக்குப் போனது ஒரே பிள்ளை. அதுவும் மூக்கில் பட்டாணி போட்டுக்கொண்டதால்.

வருஷம் முடியும் நாளில் சுகாதார ஆய்வாளர் வருவதாகத் தகவல் வந்தது. அவர் சரி என்றால் கழிப்பறை சந்துக்காரர்களிடமே இருக்கும். இல்லையென்றால் இடித்துவிட்டு அந்த இடத்தில் குப்பை வண்டிகளை நிறுத்துவார்கள்.

அக்கா சறுக்கியது இங்கேதான். முந்தின மாலை எட்டு அறைகளையும் பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினார். அந்தப் பளபளப்பு கெடக்கூடாது என்று காலையில் பூட்டைத் திறக்கவே இல்லை. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்கு அனுப்பினார்.

“ஒம்போது மணிக்கு ஆபீசர் வந்துருவாரு. பெரியவங்க எல்லாரும் கொஞ்சம் பொறுத்துக்கங்க.”

ஒன்பது போனது. பத்தும் போனது. நாற்பது பேர் பின்சுவரில் சாய்ந்து, காலைப் பின்னிக்கொண்டு நின்றார்கள்.

“அண்ணி, இது அநியாயம்.”

“மூச்சு விடாம நில்லு.”

“விட்டா மூச்சோட நிக்காது அண்ணி.”

பதினொரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். அக்கா பூட்டைத் திறந்துவிட்டார். ஆய்வாளர் குனிந்து தரையைத் தொட்டார். கருவாடு மாதிரி காய்ந்திருந்தது. சோப்புப் பாட்டில் கழுத்து வரை நிறைந்திருந்தது. படிவத்தில் ஏதோ எழுதினார்.

“என்ன சார் எழுதுறீங்க?”

“உபயோகத்தில் இல்லைன்னு. நான் வர்றேன்னுதானேம்மா தொறந்திருக்கீங்க? இங்க யாரு வர்றா?”

பதில் சுவரோரத்திலிருந்து வந்தது. “அவசரம்!” என்று கத்திக்கொண்டு கொழுந்தன் பாய்ந்தார். பின்னாலேயே நாற்பது பேர். எட்டுக் கதவுகளும் ஒரே நேரத்தில் படாரென்று சாத்திக்கொண்டன. ஆய்வாளர் படிவத்தோடு சுவரில் ஒட்டிக்கொண்டார்.

அங்கிருந்தபடியே பார்த்தார். அந்த அமளியிலும் மிச்சப் பேர் இரண்டு வரிசையாகத்தான் நின்றார்கள். ஊன்றுகோலோடு வந்த டைலருக்கு வழி விட்டார்கள். ஆறு நிமிடம் கழித்து வெளியே வந்த மீன்காரர், யாரும் சொல்லாமலே பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு திரும்ப உள்ளே போனார். சோப்புப் பாட்டில் பாதியானது. ஆய்வாளர் அரை மணி நேரம் நின்று ஆட்களை எண்ணிவிட்டு, எழுதியதை அடித்தார்.

அவர் போனதும் கொழுந்தன் பிரஷ்ஷை அக்காவிடம் நீட்டினார்.

“நாலு நிமிஷத்துக்கு மேல கதவ அடைச்சு வெச்சா தேய்க்கணும். நீங்க அஞ்சரை மணி நேரம், அண்ணி. எட்டு ரூமும் உங்களுக்குத்தான்.”

அக்கா தேய்த்தார். அனுமதி இரண்டு வருஷத்துக்கு நீண்டிருக்கிறது. அடுத்த மாதம் ஒன்பதாவது கதவு மாட்டுகிறார்கள்.