பூஸ்டர் இல்லை என்று சொன்னேன்

என் கணவருக்கு முதலில் வந்தது தலைசுற்றல்தான். கிடங்கில் மிளகாய் வத்தல் எடை பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். "காலையில ஒழுங்கா சாப்பிட்டாத்தானே" என்று திட்டினேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மட்டாஞ்சேரியில் மொத்த வியாபாரம் பார்க்கிறவளுக்கு அது வேண்டியும் இருக்கிறது.

அவருக்கு பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பு குறையும்போது தூண்டிவிடும் சிறு கருவி) வைத்து இரண்டு வருஷமாகியிருந்தது. கூடவே ஒரு பெட்டியும் தந்திருந்தார்கள். கட்டில் பக்கத்தில் வைத்தால் போதும். கருவி சொல்வதை வாங்கி, மொபைல் சிக்னல் வழியாக மருத்துவமனைக்கு அனுப்பிவிடும். பச்சை விளக்கு எரிந்தால் போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம்.

எங்கள் வீடு மாடியில், கிடங்கு கீழே. பழைய சுவர், ஒரு முழம் கனம். கிடங்குக்குள் போன் எடுக்காது. விருதுநகர் புரோக்கர் விலை சொல்லும்போதுதான் சரியாக அறுந்துபோகும். அதனால் கடைத்தெருவில் பலரும் செய்ததை நானும் செய்தேன். சிக்னலைக் கூட்டும் பூஸ்டர் ஒன்றை அனுமதியில்லாமல் வாங்கி மாட்டினேன். அது குற்றம் என்று எனக்குத் தெரியும். கடைத்தெருவில் யாருக்குத்தான் தெரியாது?

அதை மாட்டிய இரண்டாம் நாளே மாடியில் பெட்டியின் விளக்கு மஞ்சளாகிவிட்டது. "லைட்டு மாறியிருக்கே?" என்றார். "பழசாயிடுச்சு, உங்களை மாதிரி" என்றேன். சிரித்தார். தலைசுற்றல் வந்தது அதற்கு நாலு நாள் கழித்து.

மறுநாள் மருத்துவமனையில் கருவிகளைக் கவனிக்கும் பெண் போனில் கூப்பிட்டாள். அங்கே எல்லாருக்கும் மலையாளம் கலந்த தமிழ்தான்.

"சேச்சி, பெட்டியில நின்னு ஒண்ணும் வரலையல்லோ. பக்கத்துல பூஸ்டர் ஏதாவது உண்டோ? அது இருந்தா அந்த இரைச்சல்ல நம்ம பெட்டி பேசறது டவருக்குக் கேக்காது."

"பூஸ்டரா? ஐயே, அதெல்லாம் இங்க இல்ல மோளே. உங்க பெட்டிதான் கேடாயிருக்கும்."

வாய் கூசாமல் சொன்னேன். இவள் யாரிடமாவது சொல்லி, ஆபீஸர்கள் வந்து பிடுங்கிக்கொண்டு போனால்? அந்தப் பயம் ஒன்றுதான் மண்டையில் இருந்தது. முந்தின நாள் அவருக்குத் தலைசுற்றியதைக்கூட அவளிடம் சொல்லவில்லை. வேறு பெட்டி அனுப்புகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சிக்னல் சோதிக்கும் அதிகாரிகளின் வண்டி முக்கில் திரும்பினாலே முதல் கடைக்காரர் "மழ வருது, சரக்கை மூடு!" என்று கத்துவார். வெயில் கொளுத்தினாலும் மழைதான். குரல் கடைக்குக் கடை தாவும். எல்லாரும் பூஸ்டரை அணைப்பார்கள். அடுத்த வாரம் அந்தக் குரல் வந்தது. அதிகாரிகளை வாய்க்கு வந்தபடி வைதுகொண்டே நானும் அணைத்தேன்.

அரை மணி நேரத்தில் டாக்டரே கூப்பிட்டார்.

"பதினோரு நாளத்தெ ரிப்போர்ட் இப்ப ஒண்ணிச்சு, மொத்தமா வந்திருக்கு. கருவியில நின்னு ஹார்ட்டுக்குப் போற வயர்ல விரிசல் விழுந்திருக்கு. இடைக்கிடை துடிப்பு நிக்குது. அவரை வேகம் கொண்டு வாங்க."

என் கணவர் கீழே மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். மறுபடி தலை சுற்றியதாம். என்னிடம் சொன்னால் திட்டுவேன் என்று சொல்லவில்லையாம்.

அன்றே புது வயர் வைத்தார்கள். நான் வெளியே நின்றுகொண்டிருந்தேன். டாக்டர் வந்து நல்லபடி முடிந்தது என்றதும் அழுதுவிட்டேன். "பூஸ்டர் இருந்தது டாக்டர். கேட்டப்ப இல்லன்னு பொய் சொன்னேன்."

அவர் என்னைத் திட்டவில்லை. "உங்க தெருவுல வேற ஆர்க்கெல்லாம் இந்தப் பெட்டி உண்டுன்னு அறியாமோ?" என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

பூஸ்டரை நானே கழற்றிக் கொண்டுபோய்ச் சிக்னல் அலுவலகத்தில் ஒப்படைத்தேன். வியாபாரிகள் கூட்டத்திலும் நடந்ததைச் சொன்னேன். சிலர் கழற்றினார்கள். சிலர் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. போகட்டும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பெட்டி இருந்தால், விளக்கு நிறம் மாறிய அன்றே கூப்பிடுங்கள். கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மானம் போனால் திரும்ப வரும்.

சில வாரங்கள் அவர் இடது கையைத் தூக்கக் கூடாது. சட்டை நான்தான் போட்டுவிடுகிறேன். நெஞ்சில் கை பட்டால் துடிப்பை எண்ணத் தொடங்கிவிடுகிறேன். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் இவ்வளவு நேரம் இருக்கிறது என்று எனக்கு முன்பு தெரியாது.

நேற்றுச் சட்டை போடும்போதுதான் கேட்டார்.

"ஆபீஸருங்க அன்னிக்கு வரலைன்னா, நீ அதை அணைச்சிருப்பியா?"

"மாட்டேன்."

என் கையை மெல்ல விலக்கிவிட்டு, மிச்சப் பொத்தான்களை ஒற்றைக் கையால் தானே போட்டுக்கொண்டார்.