பெர்லினில் ராகுகாலம்

மாண்ட்ரியலில் லாசால் பகுதியில் எங்கள் எதிர் அப்பார்ட்மெண்டில் ஒரு ஜெர்மன்காரி இருந்தாள். தையல் ஃபாக்டரியில் வேலை. என் மகளுக்கு ஒரு கவுன் தைத்துக் கொடுத்துச் சிநேகமானவள். யுத்தம் முடிந்து பெர்லினை நாலு நாடுகள் பங்கு போட்டுக்கொண்டதை, என் சமையலறை மேஜையில் சிந்தியிருந்த கோதுமை மாவில் விரலால் கோடு இழுத்துக் காட்டினாள். அமெரிக்காவுக்கு ஒன்று, இங்கிலாந்துக்கு ஒன்று, பிரான்சுக்கு ஒன்று, கிழக்குப் பக்கம் முழுக்க ரஷ்யாவுக்கு. அவர்கள் வீடு ரஷ்யப் பகுதியாம். படியிறங்கிக் கால் வைக்கிற நடைபாதை பிரெஞ்சுப் பகுதியாம். எங்கள் வீட்டுப் பாகப்பிரிவினைகூட இவ்வளவு மோசமில்லை என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

பிறகுதான் மீதியைச் சொன்னாள். ஒரு சனிக்கிழமை மேற்குப் பக்கம் சிநேகிதி வீட்டில் தங்கப் போயிருக்கிறாள். விடிந்து வந்து பார்த்தால் நடுவே முள்வேலி. வேலிக்கு அப்பால் நின்ற அக்கா, வராதே, போய்விடு என்று கையைக் காட்டினாளாம். அதன்பின் சுவர் எழும்பிவிட்டது. இவள் மாண்ட்ரியல் வந்துவிட்டாள். திரும்பிப் போனால் ஓடிப்போனவள் என்று பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம். கடிதங்களில் அக்கா ‘நலம்’ என்று மட்டுமே எழுதுவாள். அதை எந்த மடையன் நம்புவான்?

பத்து வருஷத்துக்கு மேல் இப்படியே போனது. அப்போதுதான் என் கணவருக்கு மேற்கு பெர்லினில் ஒரு மாநாடு வந்தது. வெளிநாட்டுக்காரர்கள் பகலில் கிழக்கே போய் வரலாம். அவள் கடிதம் போட்டு ஏற்பாடு செய்தாள்: வெள்ளிக்கிழமை பதினொரு மணி, கிழக்கே ஒரு ரயில் நிலைய வாசல். அக்காவின் பழைய அளவை மனதில் வைத்தே ஒரு கம்பளிக் கோட்டு தைத்து, ஐந்து பெரிய பொத்தான் வைத்து, அவரிடம் கொடுத்தாள்.

அவர் இயற்பியல் வாத்தியார். ராகுகாலமெல்லாம் அவருக்குக் கேலி. எனக்கோ விமானம் என்றாலே பயம். கிளம்பும்போது மகள் தலையில் அவர் கையை வைத்து, எந்த நாட்டு எல்லையையும் ராகுகாலத்தில் தாண்டுவதில்லை என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். இது போதாதென்று ராகுகால நேரங்களை எழுதிச் சட்டைப்பையிலும் வைத்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு அவள் கதவைத் தட்டினாள். “அங்கே இப்போது பதினொன்று” என்று சொல்லிவிட்டு மேஜையருகே உட்கார்ந்தாள். காபி கலக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு. அவளிடம் அதைச் சொல்லாமல் காபியை நீட்டினேன். ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து சேரும்வரை சாமி படத்தின் முன்னால் நின்று என்னையே திட்டிக்கொண்டிருந்தேன்.

அவர் பெட்டியைக் கீழே வைப்பதற்குள் அவள் வந்துவிட்டாள். சீக்கிரமே கிளம்பிப் போனாராம். ஆனால் எல்லைச் சாவடியில் வரிசை நகர்ந்து அவர் முறை வந்தபோது மணி பத்து நாற்பது. மகள் தலையை நினைத்து ஒதுங்கி நின்று, பின்னால் வந்தவர்களையெல்லாம் முன்னே விட்டிருக்கிறார். காவலர்கள் இரண்டு தரம் பாஸ்போர்ட்டைப் பிடுங்கிப் பார்த்தார்களாம். பன்னிரண்டு அடித்ததும் தாண்டி ஓடியிருக்கிறார். ரயில் நிலைய வாசலில் ஒரே ஒருத்தி, தங்கையின் கடிதத்தைக் கையில் பிடித்தபடி, இன்னும் நின்றுகொண்டிருந்தாளாம்.

எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

கோட்டைப் போட்டுப் பார்த்தாளா என்று இவள் கேட்டாள். அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். “எப்படிச் சொல்றது இவங்ககிட்ட? ஒரு பொத்தான்கூட எட்டலை.”

“உள்ளதைச் சொல்லிடுங்க” என்றேன்.

சொன்னார். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பக்கத்தில் போனால், தோள் குலுங்கச் சிரிக்கிறாள். “அப்படியென்றால் நன்றாகச் சாப்பிடுகிறாள்” என்றாள். அந்த ‘நலம்’ நிஜம்தான். எனக்கும் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன.

எவ்வளவு எட்டவில்லை என்று கேட்டாள். அவர் தன் சட்டையின் மேல் நாலு விரலைச் சேர்த்து வைத்துக் காட்டினார். அவள் பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து அந்த நாலு விரலை அளந்தாள்.