சொன்னதை மட்டும் சொன்ன லெயோகாதியா

போன்சே துறைமுகத்தில் லெயோகாதியாவைத் தெரியாதவர்கள் கிடையாது. சலவை செய்து பிழைத்தவள். நெடிய உருவம், கப்பல் சங்கு மாதிரிக் குரல். பிறந்தது பக்கத்துத் தீவான செயின்ட் தாமசில். அங்கே ஊரே ஆங்கிலம் பேசும், அதனால் அவளுக்கும் அது வரும். பதினெட்டு வயதில் ஒரு மாலுமியை நம்பிப் போர்த்தோ ரிக்கோவுக்கு வந்தாள். மாலுமி போய்விட்டான், இவள் இருந்துவிட்டாள். அவள் வீட்டுக்கு அடுத்ததுதான் என் ரொட்டிக் கடை.

1898 ஜூலைக் கடைசியில் அமெரிக்கக் கப்பல்கள் வந்தன. ஸ்பானியச் சிப்பாய்கள் மலைப்பக்கம் போய்விட்டார்கள். நாங்கள் கை தட்டித்தான் வரவேற்றோம், நானும் தட்டினேன். நானூறு வருஷம் ஸ்பெயினைச் சுமந்த எங்களுக்கு யார் வந்தாலும் விடிவு என்றுதான் தோன்றியது.

சுங்கச்சாவடி முன்னால் ஹார்க்னெஸ் என்ற லெப்டினன்ட் ஒரு மரப்பெட்டி மேல் ஏறிப் பேசினான். வியாபாரி ஒருவரின் குமாஸ்தா எவாரிஸ்தோ அதை நாங்கள் பேசும் ஸ்பானிய மொழியில் சொன்னார்.

"இன்னையிலேர்ந்து நீங்க யாருக்கும் அடிமை இல்லைன்னு தொரை சொல்றாரு!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. துணிமூட்டையோடு நின்ற லெயோகாதியா கத்தினாள்: "பொய்! அவரு அப்படிச் சொல்லவே இல்லை. இந்த ஊரு இனிமே அவங்க கொடிக்குக் கீழேன்னுதான் சொன்னாரு."

"துணி தோய்க்கிறவளுக்கு என்னடி தெரியும்?" என்றார் எவாரிஸ்தோ.

"உங்க காலர் அழுக்குகூடத் தெரியும் ஐயா."

எல்லாரும் சிரித்தார்கள். ஹார்க்னெஸ் என்னவென்று கேட்டான். "விடுதலைன்னு சொன்னீங்களா, கொடின்னு சொன்னீங்களா?" என்று அவனிடம் ஆங்கிலத்திலேயே கேட்டாள். அவன் சங்கடத்தோடு, "கொடி" என்றான். மறுநாளே ஆள் அனுப்பி, மொழிபெயர்க்க அவளையே கூப்பிட்டான்.

"ஒண்ணு கூட்ட மாட்டேன், ஒண்ணு குறைக்க மாட்டேன். சம்மதமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வேலைக்குப் போனாள்.

கூபாவை விடுவிக்க என்று அமெரிக்கா ஸ்பெயினோடு தொடங்கிய சண்டை நாலு மாதத்தில் ஓய்ந்தது. டிசம்பரில் பாரிசில் சமாதான ஒப்பந்தம் கையெழுத்தானபோது எங்கள் தீவும் குவாமும், எங்கோ கிடந்த பிலிப்பைன்சும் அமெரிக்காவுக்குப் போயின. ராஜா வேண்டாம் என்று சண்டை போட்டுப் பிறந்த தேசம், கடல் கடந்த தீவுகளுக்கு எஜமானாகிவிட்டது. எங்களில் ஒருவரைக்கூட அந்த மேஜையில் உட்காரவைக்கவில்லை. பத்திரிகையைப் படித்துச் சொன்னேன். "அன்னைக்கு அந்த லெப்டினன்ட் கொடின்னு சரியாத்தான் சொல்லியிருக்காரு," என்றாள் லெயோகாதியா.

அடுத்த ஆகஸ்டில் பெரும்புயல் அடித்தது. காப்பித் தோட்டங்கள் மண்ணோடு சரிந்தன. பட்டினியோடு மலையிலிருந்து இறங்கிய பெண்கள், அரிசி கொடுக்கும் கொட்டகை முன்னால் நின்றார்கள். அங்கே வெதரெல் என்ற புதிய கேப்டன் இருந்தான். தன் ஆள் என்று தோட்ட முதலாளி எழுதிக் கொடுத்த சீட்டு இருந்தால்தான் அரிசி என்றான்.

"சீட்டு இல்லாதவங்க சோம்பேறிங்க. போகச் சொல்லு."

லெயோகாதியா அப்படியே சொன்னாள். முன்னால் நின்ற பிரூதென்சியா என்பவள் கொதித்துவிட்டாள்.

"முதலாளியும் செத்தான், என் புருஷனும் செத்தான். எந்தப் பொணத்துக்கிட்ட சீட்டு வாங்கட்டும்னு கேளுக்கா அந்தக் கழுதையை!"

லெயோகாதியா திரும்பி, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக ஆங்கிலத்தில் சொன்னாள்.

கேப்டன் முகம் சிவந்தது. "கழுதைன்னா சொன்னா?"

"ஆமா தொரை. 'அந்தக் கழுதை'ன்னு சொன்னா."

பின்னால் நின்ற சிப்பாய்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். கேப்டன் பிரூதென்சியாவையும் அவள் பின்னால் நின்ற பெண்களையும் பார்த்தான். பிறகு, "கைம்பெண்களுக்குச் சீட்டு வேண்டாம்" என்றான். அன்று அறுபது பேருக்கு மேல் அரிசியும் அவரைப் பருப்பும் வாங்கிப் போனார்கள்.

மறுவாரம் லெயோகாதியாவுக்கு வேலை போயிற்று. "கழுதையை மட்டும் விழுங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"அதை விழுங்கியிருந்தா அவளோட கோபத்துல பாதி போயிருக்கும். கோபம் போனா அரிசி வந்திருக்காது," என்றாள்.

மறுபடி ஆற்றங்கரைத் துவைகல்லுக்கே திரும்பினாள். ஆனால் ஆங்கிலத்தில் பேசும் எந்த அதிகாரி முன்னால் நிற்க வேண்டியிருந்தாலும் ஊர் ஜனம் அவளைத்தான் துணைக்கு அழைத்தது. 1921இல் அவள் இறந்தபோது மலையிலிருந்துகூட நடந்து வந்தார்கள். வந்தவர்களுக்கு நான் சுட்ட ரொட்டி மத்தியானத்துக்குள் தீர்ந்துவிட்டது, மறுபடி மாவு பிசைந்தேன்.