போத்தலில் இருபது புழு

கடையின் முன்பலகைகளைக் கழற்றுவதற்கு முன்பே மஃறூப் பின்னறைக்குப் போய்விடுவார். அங்கே ஜன்னலோரம் ஒரு நீளப்பலகை. அதன்மேல் பழைய ஜாம் போத்தல்கள் ஒன்பதோ பத்தோ நிற்கும். வாய்க்கு மெல்லிய துணி, துணிக்கு மேல் ரப்பர் வளையம். உள்ளே உள்ளங்கையளவு கோவா இலை, அதாவது முட்டைக்கோஸ் இலை, இலையில் அரிசி நீளத்துக்குப் பச்சைப் புழுக்கள். மூக்குக்கண்ணாடியை நுனிவரை இறக்கி, துணியை விலக்கி, கோழியிறகின் நுனியால் ஒவ்வொரு புழுவையும் தொடுவார். உயிருள்ளது பின்பக்கமாகத் துடித்துப் போய் நூல்விட்டு இறங்கும். செத்தது அசையாது. சிலது அசைவதா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் கிடக்கும். அவற்றுக்காக இரண்டு நிமிஷம் காத்திருந்து மறுபடி தொடுவார். பிறகு போத்தலில் ஒட்டியுள்ள காகிதத்தில் பென்சிலால் ஓர் எண்ணை எழுதுவார். அதற்குள் வெளியே யாராவது பலகையைத் தட்டியிருப்பார்கள்.

ராகலை பஸ் நிலையத்திலிருந்து இறங்கும் தெருவில் அவருடைய கடை. விதை, உரம், மருந்தடிக்கும் டாங்கி, டாங்கிக்கு வேண்டிய வாஷர் எல்லாம் இருந்தாலும் சுற்றுவட்டாரத்துக்கு அது மருந்துக்கடை. காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டு வரும் புதியவர்களை எதிர்ப்பக்கத்துக்குக் கைகாட்டி அனுப்புவார். வயது ஐம்பத்தொன்பது. மெலிந்த உடம்பு. சாம்பல் நிற ஸ்வெட்டரின் இடது முழங்கையில் மனைவி ஜெமீலா வேறு நிற நூலால் அடைத்த ஓட்டை. இரண்டு முழங்காலும் ஏற்றத்தைக் கண்டால் மறுக்கும். வீட்டில் ஒரு தமிழ், தேயிலைத் தோட்டத்து ஆட்களோடு வேறொரு தமிழ், வலப்பனைப் பக்கத்திலிருந்து வருபவர்களோடு சிங்களம் என்று பேசுவார். எந்தப் பேச்சிலும் அவர் வாயில் அதிகம் வருவது ஒரு வாக்கியம்தான்: "பாத்துட்டுச் சொல்றேன்."

மற்றக் கடைகளில் புழுத்தின்ற இலையைக் காட்டினால் அடுத்த நிமிஷம் மருந்து கைக்கு வந்துவிடும். மஃறூப் இலையை வாங்கி, பேரும் மலையும் எழுதிக்கொண்டு, இரண்டு நாள் கழித்து வரச் சொல்வார். புழு இரண்டு நாளில் பாத்தியையே முடித்துவிடும் என்று சண்டை பிடிப்பவர்கள் உண்டு. சிலர் இலையைப் பிடுங்கிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். "பாத்துட்டுச் சொல்ற நானா" என்று அவருக்குப் பட்டப்பேரே இருக்கிறது; நானா என்றால் அண்ணன். ஜெமீலா ராத்திரிக்கு ரொட்டியா சோறா என்று கேட்டாலும் இதே பதிலைச் சொல்வதாக ஒரு புகாரும் உண்டு.

இந்தப் போத்தல் வேலையை அவர் கற்றுக்கொண்டது பத்து வருஷத்துக்கு முன்னால் நுவரெலியாவில் நடந்த ஒரு பயிற்சியில். மருந்து விற்பவர்களுக்கான கூட்டம். மத்தியானச் சாப்பாட்டு மணி அடித்ததும் மண்டபம் காலியாகிவிட்டது. இவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பாடம் எடுத்த அதிகாரியம்மா, ஒரு காகிதத்தில் போத்தலை வரைந்து காட்டினார். இலையை மருந்துக் கரைசலில் பத்து விநாடி முக்கி எடு, காயவை, ஒரே அளவான புழு இருபது விடு. இன்னொரு போத்தலில் வெறுந்தண்ணீரில் முக்கிய இலை வை. அது இல்லாவிட்டால் புழு மருந்தால் செத்ததா தானாகச் செத்ததா என்று தெரியாது. இரண்டு நாள் கழித்து எண்ணிப்பார். அந்தக் காகிதம் இப்போதும் கடைச் சுவரில், மஞ்சளாகி, நாலு மூலையிலும் டேப் ஒட்டி இருக்கிறது.

ஜெமீலா இந்த ஆராய்ச்சியோடு சமாதானமானது ஒரே நாளில் அல்ல. முதல் வருஷம் ஃபிரிட்ஜில் தயிர்ச் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த ஒரு புழு டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. பிறகு சமையலறை விளக்கைச் சுற்றிச் சாம்பல் நிறப் பூச்சிகள் பறந்த ஒரு மாலையில், "ஊட்டுல ஈக்கிற பூச்சியெல்லாம் ஒங்கட புள்ளைகளா?" என்று கேட்டார். மஃறூப் ஒன்றைப் பிடித்து, மடித்த சிறகின் முதுகில் வரிசையாக நிற்கும் மூன்று வைர வடிவங்களைக் காட்டினார். ஜெமீலா பார்த்துவிட்டு, சேலைக்கு நல்ல கரை என்றார். அதற்குப் பிறகு பின்னறை முழுக்க அவருக்கு என்று விட்டுக்கொடுத்தாயிற்று.

ஒருமுறை போத்தலில் கிடந்த புழுவிலிருந்து அந்துப்பூச்சிக்குப் பதிலாகச் சின்னக் கறுப்புக் குளவி ஒன்று வெளியே வந்தது. புழுவுக்குள் முட்டையிட்டு, உள்ளிருந்தே அதைத் தின்று வளரும் குளவி. அன்று முழுவதும் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார். இலையில் இதன் வெள்ளைக் கூட்டைக் கண்டால் நசுக்காதீர்கள், நீங்கள் அடிக்கும் மருந்தில் முதலில் சாவது இதுதான் என்றார். எல்லோரும் கேட்டுத் தலையாட்டினார்கள். ஆட்டிவிட்டு மருந்தை வாங்கிக்கொண்டு போனார்கள்.

இருபத்தாறு வருஷத்தில் அவர் கடையில் ஏழு மருந்துகள் வந்து போயிருக்கின்றன. எல்லாவற்றின் கதையும் ஒன்றுதான். முதல் போகத்தில் அடித்தால் புழு உதிரும். அடுத்த போகத்தில் லேசாக அசையும். அதற்கடுத்த போகத்தில் சனங்கள் வந்து, மருந்தில் கலப்படமா என்று கேட்பார்கள். போத்தல் வேலை தெரியாத காலத்தில் மஃறூபும் எல்லாக் கடைக்காரர்களையும் போல, "ஒரு மூடி கூடப் போட்டுப் பாருங்க" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஒரு மூடிதான் புழுவுக்குப் பழக்கம் கொடுத்தது என்று பயிற்சியில் கேட்டபோது, சாப்பிடப் போகாமல் அவர் உட்கார்ந்துவிட்டதற்கு அதுவும் ஒரு காரணம். இதை அவர் யாரிடமும் அதிகம் பேசுவதில்லை. கேட்டால், அலுத்துப்போன குரலில், "நானும்தானே சொன்னேன்" என்பார்.

போன பெப்ரவரியில் மழை நின்று, காலையில் புல்லில் பனி உறைந்து, பகலில் வெயில் சுட்டது. கோவாப் புழுவுக்கு அதுதான் கொண்டாட்டம். அப்போதுதான் அழகம்மா ஐந்து இலைகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்தார். முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது தோட்டத்தில் பேர் எடுத்து வேலையிலிருந்து நின்றுவிட்டு, தேயிலை பிடுங்கிய மலைச்சரிவில் தோட்டம் பிரித்துக்கொடுத்த துண்டில் மரக்கறி போடுகிறார். அந்தச் சரிவில் மொத்தம் ஒன்பது துண்டுகள், ஒன்பது குடும்பங்கள். துண்டைச் சும்மா போட்டால் தோட்டம் திருப்பி எடுத்து, காத்திருக்கும் அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடும். அவருடைய கோவா உருண்டை கட்டும் பருவத்தில் இருந்தது.

"அஞ்சு தடவ அடிச்சுட்டேன் நானா. கடைசியா ரெண்டு மருந்தையும் ஒண்ணாக் கலந்து அடிச்சேன். அதுக குளிச்சு எந்திரிச்ச மாதிரி இருக்குதுக."

அவர் கண்கள் சிவந்து நீர் வடிந்தன. முகத்தை மூடிக்கொண்டா அடித்தீர்கள் என்று மஃறூப் கேட்டார். சேலைத் தலைப்பைக் கட்டிக்கொண்டதாகச் சொன்னார் அழகம்மா. மஃறூப் அவரைப் பின்பக்கக் குழாயடிக்கு அழைத்துப் போய், கண்ணைத் தண்ணீரால் நன்றாக அலசச் சொல்லிவிட்டு, அவர் அலசி முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றார். அந்த இரண்டு மருந்தில் ஒன்று இவர் கடையில் வாங்கியது. அதுதான் ஏழாவது. போன போகத்தில் புழுவை உதிர்த்த அதே மருந்து.

அழகம்மாவின் புழுக்கள் போதாமல், மறுநாள் ஆளை அனுப்பி அதே சரிவிலிருந்து இன்னும் பிடித்துவரச் சொன்னார். மூன்று போத்தல் வைத்தார். ஒன்று வெறுந்தண்ணீர். ஒன்று அந்த ஏழாவது மருந்து, லேபிளில் சொன்ன அளவு. ஒன்று அதைப்போல் இரண்டு மடங்கு. இரண்டு நாள் கழித்துத் தொட்டு எண்ணியபோது தண்ணீர்ப் போத்தலில் பத்தொன்பது உயிரோடு இருந்தன. லேபிள் அளவில் பதினேழு. இரண்டு மடங்கில் பதினைந்து. நம்ப முடியாமல் ஜெமீலாவைக் கூப்பிட்டு எண்ணச் சொன்னார். ஜெமீலாவும் பதினேழு என்றார். புதிதாக ஒரு போத்தல் மருந்தின் சீலை உடைத்து, இன்னொரு மலையின் புழுக்களை வைத்து மறுபடியும் செய்தார். அதில் பதினாறு.

அந்த வாரம் கம்பனிக்காக மருந்து கொண்டுவரும் அம்ஹர் வந்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். போத்தலில் வளர்வது வேறு, தோட்டத்தில் வளர்வது வேறு, சனங்கள் இலையின் அடிப்பக்கம் படுகிற மாதிரி அடிப்பதில்லை என்று விளக்கினான். மஃறூப் கோழியிறகை அவன் கையில் கொடுத்தார். அவன் எண்ணினான். எண்ணிவிட்டு இறகைப் பலகையில் வைத்து, மேலே தெரியப்படுத்துவதாகச் சொன்னான். படியிறங்கியவன் திரும்பி வந்து, தாழ்ந்த குரலில், இதை வேறு யாரிடமாவது சொல்வீர்களா என்று கேட்டான்.

"கேட்டா சொல்லுவேன்," என்றார் மஃறூப்.

அன்று மாலை அந்த மருந்தை முன்தட்டிலிருந்து இறக்கிப் பெட்டிகளில் அடுக்கிப் பின்னறையில் வைத்தார். கோவாப் புழுவுக்கு என்று கேட்டவர்களிடம், அது கேட்காது, வீணாக அடிக்காதீர்கள் என்றார். மருந்துக்கடைக்காரர் மருந்து வேண்டாம் என்று சொல்வதை நம்புவது சனங்களுக்குச் சிரமமாக இருந்தது. ஸ்டொக் முடிந்துவிட்டதை மறைக்கிறார் என்று சிலர் நினைத்தார்கள். அழகம்மாவின் சரிவில் பெரிய துண்டு வைத்திருக்கும் வினோஜன், இவர் சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, நாலு கடை தள்ளிப்போய் அதே மருந்தை வாங்கி, இவர் கடை வாசல் வழியாகவே கொண்டுபோனான்.

பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தன்று மஃறூப் அந்தச் சரிவுக்கு ஏறினார். எல்லோரும் வீட்டில் இருக்கும் நாள். தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்திலிருந்து துண்டுகள்வரை முந்நூறு படிகளுக்குக் குறையாது. மூன்று இடத்தில் உட்கார்ந்து எழுந்தார். மேலே போனதும் மருந்தைப் பற்றி ஒன்றும் பேசாமல் நிலத்தைக் காட்டினார். ஒருவர் நாற்று நடுகிறார், பக்கத்தவர் பாதி வளர்த்திருக்கிறார், அதற்கடுத்தவர் வெட்டுகிறார். பூச்சிக்கு வருஷம் முழுவதும் வீடும் சாப்பாடும் இங்கேயே கிடைக்கிறது என்றார். ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் கோவாவை நிறுத்தி, இரண்டு மாதம் இந்தப் பூச்சி தின்னாத கேரட்டோ லீக்ஸோ போட்டால் அது பட்டினி கிடந்து குறையும். நிலமும் சும்மா கிடக்காது, தோட்டமும் கேள்வி கேட்காது. புழு தின்ற பயிரைப் பிடுங்கிப் புதைத்துவிட வேண்டும்.

வினோஜன் மரியாதையாகத்தான் பேசினான். "நாங்க நிப்பாட்டினா எதிர்மலைக்காரவுங்க நிப்பாட்டுவாங்களா நானா? பூச்சிக்குச் செறகு இருக்குதே."

மஃறூப் எதிர்மலையைப் பார்த்தார். அங்கேயும் கோவாதான், நீலப்பச்சைப் பாத்திகளாக, மூடுபனி தொடும் உயரம்வரை. அவர்களிடமும் போய்ப் பேச வேண்டும் என்றார். அதைச் சொல்லும்போதே தன் முழங்காலைத் தடவிக்கொண்டார். நாலு பேர் சரி என்றார்கள். மூன்று பேர் யோசிக்கிறோம் என்றார்கள். வினோஜன் இந்தப் போகம் வெட்டிய பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, அவருக்கு ஒரு கோப்பைத் தேத்தண்ணீர் கொண்டுவரச் செய்தான். குடித்து முடிப்பதற்குள் ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்துவிட்டார்கள்.

அழகம்மா மட்டும் போகவில்லை. தன் துண்டின் ஓரத்தில் நின்றார். மஃறூப் கடையில் முன்பே சொல்லியிருந்தபடி, அவர் மகளும் அவருமாக விடியற்காலையிலேயே ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். இடுப்பளவு ஆழம், அள்ளிப்போட்ட மண் இன்னும் ஈரமாக இருந்தது. ஆனால் பாத்தியில் ஒரு செடிகூடப் பிடுங்கப்பட்டிருக்கவில்லை. வரிசை வரிசையாகக் கோவா நின்றது. தூரத்தில் பார்த்தால் நல்ல பயிர். கிட்டப் போனால் இலை முழுவதும் சல்லடை, உருண்டைக்குள் துளை.

"இன்னும் ஒரே ஒரு தடவ அடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டார் அழகம்மா.

வேண்டாம் என்றார் மஃறூப். அடித்தாலும் சாகாது, செத்தாலும் இத்தனை மருந்து குடித்த கோவாவை யார் பிள்ளைக்குச் சமைத்துக் கொடுப்பது என்று கேட்டார். அழகம்மா தலையாட்டினார். குனிந்து ஒரு செடியின் அடியைப் பிடித்தார். பிடித்தபடியே நின்று, விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"புடுங்கணும்னு தெரியுது நானா. கை வர மாட்டேங்குது."

மஃறூப் தேத்தண்ணீர்க் கோப்பையை ஒரு கல்லின்மேல் வைத்தார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாய்க்காலைத் தாண்டிப் பாத்திக்குள் இறங்கினார். முதல் வரிசையின் முதல் கோவாவை இரண்டு கையாலும் அடியோடு பிடித்து, ஒரு திருகு திருகி இழுத்தார். வேர் நிறைய மண்ணோடு வந்தது. அதைக் குழிக்குக் கொண்டுபோவதற்கு முன்னால், அழகம்மாவின் மண் அழகம்மாவின் பாத்தியிலேயே விழும்படி, வேரை மெதுவாக, பல தடவை தட்டினார்.